கூண்டுக்கு அடியில் இறகு: கிளிக்குஞ்சின் முதல் உதிர்ப்பு

கூண்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் அன்று காலை ஏழு இறகுகள் கிடந்தன. மறுநாள் பதினொன்று. மூன்றாம் நாள் வாலிலிருந்து நீளமாக ஒன்று விழுந்ததும், அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எதிர்வீட்டுக்காரங்க நேத்து வந்து 'எவ்ளோ அழகு'ன்னு சொன்னப்பவே நினைச்சேன்." கிளிக்குத் திருஷ்டி சுற்றியாயிற்று. மிளகாயை அடுப்பில் போடும் நேரத்தில் மட்டும் நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் பால்கனிக்கு ஓடினேன். பறவையின் நுரையீரலுக்கு அந்த நெடி ஆகவே ஆகாது.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு அந்தக் காக்டெய்ல், அதாவது தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி, வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெயர் மீனா. வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "ஃபங்கஸ் சார்" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்துப் பாட்டிலைத் தலையில் கட்டினார்கள். உண்மையில் அது ஃபங்கஸும் இல்லை, கண்ணேறும் இல்லை. மீனாவுக்கு அப்போது ஐந்தரை மாத வயது. காக்டெய்ல் முதல் முறையாக இறகு மாற்றத் தொடங்கும் வயதே அதுதான். குழந்தைக்கு ஆறு ஏழு வயதில் பால் பல் ஆடுவது மாதிரி.

புதிதாகக் கிளி வளர்ப்பவர்கள் பயந்துபோவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் குஞ்சை வாங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வயதில். வீட்டுக்கு வந்து, பழகி, தோளில் ஏறத் தொடங்கும்போதுதான் இறகு கொட்டுகிறது. 'நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம்' என்று தோன்றத்தானே செய்யும்? கிளியின் இனத்தையும் வயதையும் தெரிந்துகொண்டால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். சில சமயம் அதே வயதுக் கணக்கு, 'இது உதிர்ப்பு இல்லை, நோய்' என்றும் சொல்லிக் கொடுக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

அவசரத்தில் தைத்த சட்டை

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜியின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது உடம்பில் ஒரு நூல்கூட இருக்காது. காக்டெய்ல் குஞ்சுக்கு மஞ்சளாகக் கொஞ்சம் பஞ்சு இருக்கும், அவ்வளவுதான். இரண்டுமே ஏறக்குறைய ஐந்து வாரத்தில் முழு இறகோடு கூட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். ஐந்து வாரத்தில் உடம்பும் வளர வேண்டும், தலையிலிருந்து வால் வரை எல்லா இறகும் ஒரே நேரத்தில் முளைக்கவும் வேண்டும். இத்தனை அவசரத்தில் தயாராகும் இறகு, தீபாவளிக்கு முந்தின நாள் தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரிதான். போட்டுக்கொள்ளலாம், நாள்பட உழைக்காது. கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும்: குஞ்சின் உடம்பு இறகு கொஞ்சம் தளர்வாக, மெத்தென்று இருக்கும். வளர்ந்த பறவையின் இறகு அடர்த்தியாக இருக்கும்.

அதுபோக, முளைத்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். நம் நகம், முடி மாதிரி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கிழிந்தாலோ முனை ஒடிந்தாலோ தானாகச் சரியாகாது. ஒரே வழி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவது. அதைத்தான் உதிர்ப்பு என்கிறோம். பறவை வளர்ப்பவர்கள் வாயில் இது 'மோல்டிங்'.

ஒவ்வோர் இறகும் தோலில் ஒரு சின்னக் குழியில் நிற்கிறது. நேரம் வந்ததும் அந்தக் குழியின் அடியில் புதுக் குருத்து கிளம்பி, மேலே இருப்பதைத் தள்ளிவிடுகிறது. தேங்காய்ச் சில் மாதிரி கெட்டியான பால் பல்லையும் அடியிலிருந்து வரும் பல் ஆட்டிவிடுகிறது அல்லவா, அதே கதை. புதுக் குருத்து ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டபடி வெளியே வரும். பார்க்க முள் மாதிரி இருக்கும். வளரும்வரை அதற்குள் ரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் ரத்தம் பின்வாங்கும், உறை காய்ந்து வெள்ளையாகும், பறவை அதை அலகால் கொறித்து உதிர்க்கும், உள்ளேயிருந்து இறகு விரியும். கூண்டைச் சுற்றித் தரையில் பொடுகு மாதிரி விழுவது அந்த உறைத்தூள்தான். காக்டெய்லுக்கும் ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளிக்கும் இதுதவிர எப்போதுமே ஒரு வெள்ளை மாவு உடம்பில் சுரந்துகொண்டிருக்கும். ஏசி வைத்திருப்பவர்கள் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் புரியும்.

எல்லா இறகும் ஒரே நாளில் விழுவதில்லை. இடது இறக்கையில் ஒன்று விழுந்தால் வலது இறக்கையில் அதே இடத்து இறகு ஏறக்குறைய அதே சமயத்தில் விழும். கிளி இனத்தில் பறக்கும் பெரிய இறகுகள் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் நகர்ந்தபடி மாறும். இதனால் பறக்கும் திறன் ஒரு நாளும் முழுசாகப் போவதில்லை. வாத்துகள் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கரணையில் பார்க்கிற புள்ளிமூக்கு வாத்தைப் போன்றவை பெரிய இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, சில வாரம் பறக்க முடியாமல் கோரைக்குள் ஒளிந்து கிடக்கும். தண்ணீரில் நீந்தித் தப்பிக்கிற பறவைக்கு அது கட்டுப்படியாகும். மரத்தில் வாழும் கிளிக்கு ஆகாது.

எந்தக் கிளிக்கு எப்போது

சென்னையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி ஜோடி ஜோடியாக விற்பது பெரும்பாலும் பட்ஜி. ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதனால்தான் நம் கடைக்காரர்கள் அதை 'ஆப்பிரிக்கன்' என்று தனியாகச் சொல்கிறார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், இரண்டுக்கும் கணக்கு வேறு.

பட்ஜிக்கு முதல் உதிர்ப்பு மூன்று நான்கு மாத வயதில் வந்துவிடும். பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான பறவை இல்லை. குஞ்சின் நெற்றியில், மூக்குத் துளைகள் இருக்கும் அந்த மெழுகு போன்ற பகுதிவரை, கறுப்புக் கோடுகள் வரிவரியாக இறங்கி வந்திருக்கும். உதிர்ப்பு முடிந்தால் நெற்றி சுத்தமாகிவிடும்: மஞ்சள் முகமானால் மஞ்சள், வெள்ளை முகமானால் வெள்ளை. கண்ணுக்குள் கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம் வருவது அதற்கும் பின்னால். அதனால் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் ஒருவர் "ஒரு வயசு பேர் சார், முட்டை வைக்கிற ஜோடி" என்று சொல்லும்போது நெற்றியில் வரி இருந்தால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அல்பினோ, லூட்டினோ வகைகளில் கறுப்பு நிறமே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அங்கே செல்லாது.

ஆப்பிரிக்கன் லவ் பேர்டுக்கு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். குஞ்சின் அலகின் அடிப்பகுதியில் மை பட்டது மாதிரி கறுப்பு இருந்தால் வயது குறைவு என்று அர்த்தம். வளர வளர அது மறையும்.

காக்டெய்ல்தான் வேடிக்கை. ஐந்து ஆறு மாதத்தில் தொடங்கி, ஒரு வயது நெருங்கும்வரை மெதுவாகப் போகும். சாதாரணச் சாம்பல் நிறக் காக்டெய்லில் எல்லாக் குஞ்சும் பார்க்கப் பெண் மாதிரியேதான் இருக்கும்: மங்கிய முகம், வால் இறகின் அடியில் குறுக்கு வரிகள், இறக்கையின் உள்பக்கம் மஞ்சள் பொட்டுகள். முதல் உதிர்ப்பில் ஆண் மட்டும் வேஷத்தைக் கலைக்கும். முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலடி வரிகள் போய் ஒரே கருஞ்சாம்பலாகும், இறக்கைப் பொட்டுகள் காணாமல் போகும். பெண் கடைசிவரை அப்படியே. எங்கள் மீனாவை "கன்ஃபார்ம் பெண்" என்று சொல்லித்தான் விற்றார்கள். எட்டாவது மாதம் முகம் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று தோளைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் விசிலடிக்கத் தொடங்கினான். பெயரை மாற்றலாம் என்றால் அவனுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. இன்றும் மீனாதான்.

காக்டெய்லிலேயே லூட்டினோ என்று வெள்ளை மஞ்சளாக ஒரு வகை உண்டு. அதில் பலவற்றுக்குக் கொண்டைக்குப் பின்னால் ஒரு வழுக்கை இருக்கும். அது பிறவிக் குணம். உதிர்ப்பு முடிந்தால் முளைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

கன்யூர் என்ற கிளி வகைகளுக்கு ஆறிலிருந்து பத்து மாதம். சன் கன்யூர் வாங்கியவர்கள் அடிக்கடி ஏமாந்துபோன முகத்தோடு கேட்பது: "படத்துல ஆரஞ்சா இருந்துச்சு, எங்களுது பச்சையா இருக்கே?" குஞ்சு பச்சை கலந்துதான் இருக்கும். ஒவ்வோர் உதிர்ப்பிலும் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறி, முழு நிறம் வர ஒன்றரை இரண்டு வருடம்கூட ஆகலாம். பொறுக்க மாட்டாதவர்களுக்கென்றே 'கலர் ஏற்றும் தீனி' என்று விற்கிறார்கள். கிளியின் மஞ்சளும் சிவப்பும் தின்கிற பொருளிலிருந்து வருவதில்லை. வேறெந்தப் பறவையிலும் இல்லாத ஒரு நிறமியைக் கிளியின் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. பூநாரைக்குத்தான் தீனியால் நிறம் வரும். கிளிக்கு அந்தக் காசு வீண்.

ஆப்பிரிக்கன் கிரே எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கி, நிதானமாகப் போகும். இங்கே இறகைவிடக் கண்ணைப் பார்ப்பது நல்லது: குஞ்சின் கண் கருத்த சாம்பல், வளர வளர வெளிர் மஞ்சள். மக்காவ், காக்கட்டூ போன்ற பெரியவைக்கு ஏறக்குறைய ஒரு வயது. பெரிய பறவைக்கு பெரிய இறகு, அதனால் ஒரு சுற்று முடியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கொட்டுகிறது என்றே தோன்றாமல் வருடம் முழுக்க ஒன்றிரண்டாக விழுந்துகொண்டிருக்கும்.

பச்சைக்கிளியைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ராயப்பேட்டை மொட்டைமாடிகளில் அரிசி தின்ன வரும் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதன் கழுத்து ஆரம் எப்போது வருகிறது என்பதை மாடியில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆணுக்கு அந்த ஆரம் முழுசாக வர இரண்டு மூன்று வருடம் ஆகும். வெளிநாட்டுக் கிளிகளிலும் ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், சன் கன்யூர் போன்றவற்றை மத்தியச் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டுக்காரர்கள் 'உதிர்ப்புக் காலம்' என்று பேசுவார்கள். அங்கே கோடைக்கும் குளிருக்கும் பகல் நீளம் பல மணி நேரம் மாறும், பறவையின் உடம்பு அதை வைத்துக் கணக்குப் போடும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் நம் வீட்டுக் கூடத்தில் டியூப் லைட் இரவு பதினொன்று வரை எரிகிறது. ஆகவே இங்கே இது கத்திரியிலும் வரலாம், ஐப்பசி மழையிலும் வரலாம். முதல் உதிர்ப்புக்கு எப்படியும் காலண்டரைவிடக் குஞ்சின் வயதுதான் கணக்கு.

தாளில் கிடப்பதைப் படிப்பது

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. நான் ஐயோ என்று பதறிய இறகையெல்லாம் அவள் பொறுக்கி நோட்டுக்குள் வைத்தாள். மயிலிறகு குட்டி போடும் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளும் நம்புகிறார்கள், சந்தோஷம். "மாமா, இது ரெண்டும் ட்வின்ஸ்" என்று ஒருநாள் இரண்டு இறகைக் காட்டினாள். ஒன்று இடது இறக்கை, ஒன்று வலது. ஒரே நீளம், எதிரெதிர்ப் பக்கம் வளைவு. இரண்டு பக்கமும் சரிசமமாக விழுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

விழுந்த இறகை எடுத்து அடிக் காம்பைப் பாருங்கள். முழுசாக, கண்ணாடி மாதிரி வெளுத்து, காய்ந்து, முனை கூம்பியிருந்தால் தானாக உதிர்ந்தது. காம்பு நடுவில் ஒடிந்திருந்தாலோ, கடித்து நார்நாராக இருந்தாலோ, பறவை தானே கடிக்கிறது அல்லது கூட இருப்பது கடிக்கிறது. காம்பின் நுனியில் ரத்தம் இருந்தால் பிடுங்கப்பட்டது. இறகின் குறுக்கே, நூல் கட்டி இழுத்தது மாதிரி மெல்லிய கோடு இருந்தால், அந்த இறகு வளர்ந்த நாட்களில் ஏதோ குறை நடந்திருக்கிறது: சரியான தீனி இல்லை, காய்ச்சல், பெரிய பயம், ஏதோ ஒன்று. மீனா குஞ்சாக இருந்தபோது வளர்ந்த வால் இறகு ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்தில் அப்படி ஒரு கோடு இருந்தது. கடைக்கு வரும் வழியில் என்ன பட்டானோ.

பட்ஜியின் பச்சை இறகு கிடைத்தால் இன்னொன்று செய்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெளிச்சம் அதன் வழியாக வருகிற மாதிரி பாருங்கள். பச்சை மங்கி, ஒரு மாதிரி பழுப்பு மஞ்சளாகத் தெரியும். பச்சை நிறமி அதில் இல்லவே இல்லை. மஞ்சள் நிறமியும், இறகின் நுண் அமைப்பு சிதறடிக்கிற நீலமும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை.

விழுந்ததைப் பார்த்தாயிற்று. அதைவிட முக்கியம் பறவையின் மேல் முளைப்பது. கழுத்தையும் தலையையும் வெளிச்சத்தில் பாருங்கள். இறகுகளுக்கு இடையே சின்னச் சின்ன முட்கள் எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நூறு இறகு விழுந்தாலும் முள் முளைத்தால் கவலை இல்லை. பத்தே விழுந்து ஒரு முள்ளும் காணோம், தோல் தெரிகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

முள் குத்தும் நாட்கள்

இந்த நாட்களில் குஞ்சு சிடுசிடுவென்று இருக்கும். நேற்றுவரை தலையைக் கொடுத்த பறவை இன்று விரலைக் கடிக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உடம்பெல்லாம் வியர்க்குரு வந்தவரை முதுகில் தட்டிப் பாருங்கள், அதே பதில்தான் கிடைக்கும். தூக்கம் கூடும், பாட்டு குறையும். ஆனால் தீனி குறையக் கூடாது.

இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம் என்பதால் தீனியில் அது கூட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தினை மட்டுமே போடுகிறார்கள், வருடக்கணக்கில். தினை கெட்டதில்லை, ஆனால் வைட்டமின் ஏயும் போதிய புரதமும் அதில் கிடையாது. வேக வைத்த முட்டையைச் சுண்டைக்காய் அளவு, வாரம் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு நல்லது. ஊறி நாற்றம் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள், சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. முருங்கைக்கீரை கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் தீனியும் ஆயிற்று, விளையாட்டும் ஆயிற்று. கேரட் துருவல் தின்னும், சிலது துப்பும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. கடையில் தனி விலை போட்டு விற்பதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று மலிவாகத் தருவார்கள். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் இவை எந்த நாளிலும் கூடாது.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு எனக்குப் பிடிக்காத விஷயம். தண்ணீரின் சுவை மாறினால் பறவை குடிப்பதைக் குறைத்துவிடும், கிருமியும் அதில் சீக்கிரம் வளரும். வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மிஞ்சினால் கெடுதலும் செய்யும். அந்த ஃபங்கஸ் பாட்டில் இன்னும் என் மேசை டிராயரில் சீல் பிரிக்காமல் கிடக்கிறது.

குளியல்தான் பெரிய நிவாரணம். ஈரம் உறையை இளக்கும், அரிப்பு அடங்கும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கலாம், ஸ்ப்ரே பாட்டிலில் மேலிருந்து தூறல் போடலாம். பட்ஜிக்கு என் வைத்தியம் கொத்தமல்லிக் கட்டு: நன்றாகக் கழுவி, சொட்டச் சொட்டக் கூண்டில் வைத்தால் இலைக்குள் புரண்டு புரண்டு குளிக்கும், அப்படியே கொஞ்சம் தின்னும். குளியல் காலையிலோ மதியத்திலோ இருக்கட்டும். சாயங்காலம் நனைந்து இரவில் ஈரத்தோடு தூங்கக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். சீரியல் ஓடும் கூடத்தில் அது நடக்காது. எட்டு மணிக்கு மேல் கூண்டை உள்ளறைக்கு மாற்றுவதுதான் வழி. மே மாதத்தில் கனத்த போர்வையால் மூடிவிட்டு மின்வெட்டில் விட்டுவிடாதீர்கள். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, அளவுக்கு மேல் சூடான நான்ஸ்டிக் தவாவின் ஆவி, எதுவும் கூண்டின் பக்கம் போகக் கூடாது.

அப்புறம் தலை. பறவை தன் உடம்பு முழுக்க அலகால் கோதிக்கொள்ளும், தலையை மட்டும் எட்டாது. ஜோடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று செய்துவிடும். தனியாக வளரும் குஞ்சு தலை முழுக்க முள்ளோடு வந்து உங்கள் விரலுக்கு அடியில் குனியும். குளித்த பிறகு, நன்றாக வெளுத்துக் காய்ந்த முள்ளை மட்டும் இரண்டு விரலுக்கிடையில் மெதுவாக உருட்டுங்கள். உறை உடைந்து விரலில் திருநீறு மாதிரி ஒட்டும், உள்ளிருந்து இறகு பூ மாதிரி பிரியும். அடிப்பக்கம் கருத்தோ சிவந்தோ இருந்தால் உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறது. அதைத் தொட்டால் கத்தும், கடிக்கும். தப்பு நம்முடையது.

மின்விசிறி

இதைத் தனியாகவே எழுத வேண்டும். கடைகளில் குஞ்சைக் கையில் பழக்கவென்று இறக்கையைக் கத்தரித்துத்தான் கொடுக்கிறார்கள். மீனாவுக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தார்கள். பறக்க முயன்றால் வட்டமடித்துத் தரையில் விழுவான். மூன்று மாதம் இதைப் பார்த்துப் பழகி, 'இவன் பறக்க மாட்டான்' என்றே முடிவுகட்டிவிட்டோம். வெட்டிய இறகின் மிச்சக் காம்பும் உதிர்ப்பில் விழும், அந்த இடத்தில் முழு இறகு வரும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒருநாள் காலை கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தவன் குக்கர் சத்தத்துக்கு மிரண்டு, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, ஃபேனின் இறக்கைக்கு ஒரு முழம் கீழே பாய்ந்து, ஃபிரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தான். அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மின்வெட்டை வாழ்த்தியது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

அன்றிலிருந்து வீட்டுச் சட்டம்: கூண்டுக் கதவு திறந்தால் ஃபேன் சுவிட்ச் மேல் ஒட்டுத்தாள். ஜன்னலுக்குக் கொசுவலை. பால்கனியில் வெயில் காட்டுவது கூண்டோடுதான், பக்கத்தில் ஆள் நின்றுதான். காக்கையும் பூனையும் எங்கிருந்தோ வரும்.

வெட்டிய இறகுகளுக்கு நடுவே தனியாக முளைக்கும் குருத்துக்கு அணைப்பாகப் பக்கத்து இறகு இருக்காது. இடித்துக்கொண்டால் ஒடிந்து ரத்தம் வரும். சுத்தமான பஞ்சில் சோளமாவைத் தொட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், நிற்கவில்லையென்றால் உடனே கிளம்புங்கள். 35 கிராம் எடையுள்ள பட்ஜியின் உடம்பில் மொத்த ரத்தமே 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல், ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. ஒடிந்த குருத்தை வீட்டில் நீங்களே பிடுங்கப் பார்க்காதீர்கள்.

இது உதிர்ப்பு இல்லை

வயதுக் கணக்கு இங்கேதான் கை கொடுக்கும். கூட்டை விட்டு வந்த கையோடு, ஐந்து ஆறு வார வயதிலேயே பட்ஜிக் குஞ்சு இறக்கை, வால் இரண்டிலும் பெரிய இறகுகளைக் கொட்டுகிறதா? முதல் உதிர்ப்புக்கு இன்னும் ஒன்றரை மாதமாவது இருக்கிறது. அது பெரும்பாலும் வைரஸ் நோய். பறக்காமல் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும், சந்தையில் அதை "நல்லா கையில பழகும் சார்" என்று விலை குறைத்துக் கொடுப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் அந்தக் குஞ்சின் மேல் இரக்கப்படுவது ஆபத்து.

புதிதாக வரும் இறகே கோணலாக, நடுவில் நெரித்தது மாதிரி, உறையை விட்டு விரியாமல் நின்றுவிட்டால், அலகும் இறகும் கெடும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. இளம் பறவைகளைத்தான் அதிகம் தாக்கும். ரத்தமும் இறகும் எடுத்துப் பரிசோதித்தால் தெரியும். மார்பு, தொடை எல்லாம் மொட்டையாகி, தலை மட்டும் அழகாக இருந்தால் பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது. தலை எட்டாது என்று சொன்னேனே. அலகைச் சுற்றியும் கால்களிலும் தேன்கூடு மாதிரி செதில் படிந்தால் அது சிலந்திப்பேன் வகைப் பூச்சி. தேங்காய் எண்ணெய் தடவி நாட்கணக்கில் பார்ப்பதைவிட ஒரே நடையில் மருத்துவரிடம் முடித்துவிடலாம்.

இதைத் தவிர, உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, தீனியைத் தொடாமல் இருப்பது. பறவை நோயை மறைக்கும், வெளியே தெரியும்போதே நாள் கடந்திருக்கும். அதனால் சமையலறைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, காலையில் தீனிக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது விழுந்த இறகில் நாலைந்தும், கூண்டடியில் போட்ட தாளையும் மடித்து எடுத்துப் போங்கள். நாம் வாயால் சொல்வதைவிட எச்சமும் இறகும் அதிகம் சொல்லும்.

முதல் சுற்று முடிந்தால் அடுத்தது காக்டெய்லுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். பட்ஜிக்கு வருடம் முழுக்கவே அங்கங்கே கொஞ்சம் விழுந்துகொண்டிருக்கும். மீனாவுக்கு இரண்டாவது சுற்று போன மாதம் தொடங்கியது. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டான்" என்று சொல்லி முட்டை வேக வைக்கப் போனார். அக்கா மகளுடைய நோட்டில் இதுவரை நான்கு ஜோடி 'ட்வின்ஸ்' சேர்ந்திருக்கின்றன. ஐந்தாவது பக்கத்தில் ஓர் இடது இறகு மட்டும் ஒட்டி, தேதி போட்டு, வலதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.